நாலு மூலையிலும் மஞ்சள்

1

ஜெர்மனியில் எனக்கு என்ன வேலை என்று நைனார்பாளையத்தில் யாருக்கும் இன்றுவரை என்னால் விளக்க முடிந்ததில்லை. போன லீவில் டீக்கடையில் ஒரு பெரியப்பா மடக்கிக் கேட்டார்.

"சாப்பாட்டுப் பொருள் கட்டிக் குடுக்கற காயிதம் நல்ல காயிதமா, ஒடம்புக்குக் கெடுதல் பண்ணுமான்னு பாக்கறது பெரியப்பா" என்றேன்.

"எப்டிப் பாப்ப?"

"மோந்து பாப்போம். தண்ணியில ஊற வெப்போம். எண்ணெயில முக்குவோம். கூடவே வெச்ச சாக்லெட்டத் தின்னு பாப்போம்."

"அதுக்குச் சம்பளம் குடுக்கறானா?"

"குடுக்கறாங்க."

அவர் பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிந்துகொண்டே, "நம்மூர்ல இந்த வேலைய எல்லாரும் சும்மாவே செஞ்சிக்கினு கெடக்கறோம்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே இந்தப் படிப்பு அந்தக் கடையில்தான் ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே பஜ்ஜி கட்டித் தந்தது எடைக்கு வாங்கிய பழைய பரீட்சைப் பேப்பரில். ஒருநாள் மிளகாய் பஜ்ஜியைத் தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்தால் என் கையெழுத்து. காலாண்டு வேதியியல் விடைத்தாள், ஜஸ்ட் பாஸ். என் பால்பாயிண்ட் மையெல்லாம் எண்ணெயில் கரைந்து பஜ்ஜியோடு என் வயிற்றுக்குள்ளேயே போயிருந்தது. வாத்தியாரின் சிவப்பு இங்க் மட்டும் அசையாமல் மார்க்கைக் காட்டிக்கொண்டு நின்றது. எந்த மை எண்ணெயில் போகும், எது போகாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கே வந்து அதையே திரும்பப் படித்துச் சான்றிதழ் வாங்கினேன்.

சாக்லெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊரில் அதைத்தான் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மூடிபோட்ட ஜாடியில் காகிதத்தையும் சாக்லெட்டையும் ஒன்றாகப் போட்டு இருட்டில் வைப்போம். அப்புறம் நாங்கள் சில பேர் ஆளுக்கொரு துண்டு தின்று, ருசி மாறியிருக்கிறதா, காகிதத்தின் வாடை ஏறியிருக்கிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன வாடை என்று வார்த்தையிலும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான், 'மழை நின்ற பிறகு சின்னசேலம் பஸ் ஸ்டாண்ட்' என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டனுப்பி, ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பஸ் ஸ்டாண்டின் மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார். இந்த ஊரில் யார் கிண்டல் பண்ணுகிறார்கள், யார் கடமையைச் செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

2

வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதே என்பார்கள். மூக்கைக் கழற்றி ஆபீசிலேயே வைத்துவிட்டு வர முடியுமா? என் மகள் இனியாவின் பிறந்தநாளுக்கு அவள் சிநேகிதிகள் வந்திருந்தார்கள். பீட்சா வந்தது. நான் வழக்கம்போல டப்பாவின் மூடியைக் கொஞ்சம் மோந்து பார்த்தேன். அப்புறம் சாவிக்கொத்தில் தொங்கும் ஊதா விளக்கை அடித்து, காகிதம் நீலமாக ஜொலிக்கிறதா என்று பார்த்தேன். வெளுப்புச் சாயம் போட்டிருந்தால் அப்படி ஜொலிக்கும். பிள்ளைகள் எல்லோரும் கையில் துண்டோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அப்பா, பிட்டே" என்றாள் இனியா. பிட்டே என்றால் தயவுசெய்து என்று அர்த்தம். அவள் சொன்ன விதத்தில், தயவுசெய்து எங்காவது போய்விடு என்று அர்த்தம்.

அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சரி, பிள்ளை வழிக்கே போவோம் என்று நான் ஜெர்மனில் கேட்டால், என் ஜெர்மனைத் திருத்திவிட்டுப் பதில் சொல்ல மறந்துபோவாள். ஊர் என்றால் அவளுக்குக் கொசு, வெயில், அப்புறம் அத்தை. இந்த மூன்றில் அத்தையை மட்டும் பிடிக்கும். அந்த அத்தையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

3

என் தங்கை அமுதா கச்சிராயபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் செல்வம் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். அவர் மக்காச்சோளம் போட்டு வைத்திருந்த ஷெட் ஒன்று மலைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. ஒரு வருஷம் அழுது முடித்துவிட்டு, அமுதா அந்த ஷெட்டைத் திறந்து கூட்டினாள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பெண்கள் சாமையும் தினையும் மூட்டை கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் இறங்குவார்கள். இடித்து, அரைத்து, சாமை முறுக்கும் தினை உருண்டையும் போடுவார்கள். அவர்களில் சின்னப்பொண்ணு என்பவர்தான் மூத்தவர், கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. மலையை விட்டு இறங்கினால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார், ஆனால் அந்த இரண்டு வார்த்தையை யாரும் தாண்ட முடியாது என்பாள் அமுதா.

இதெல்லாம் அவள் கொழுந்தனுக்கு ஆகவில்லை. தாலி இல்லாத பொம்பளை தனியாக ஷெட் நடத்துவதா என்று ஆரம்பித்து, எனக்கு டிராக்டர் நிறுத்த இடமில்லை என்று முடிப்பார். கடைசியில் பெரியவர்களை வைத்துப் பேசி, தைக்குள் தொழில் நிலைத்து நின்றால் ஷெட் அமுதாவுக்கு, இல்லாவிட்டால் டிராக்டருக்கு என்று முடிவானது.

அந்த நேரத்தில்தான் ஹாம்பர்க்கில் சிறுதானியம் விற்கும் கடைக்காரர் ஒருவர் சாமை முறுக்கைத் தின்று பார்த்துவிட்டு, மாதாமாதம் வேண்டும் என்றார். இரண்டு நிபந்தனை. பிளாஸ்டிக் கூடாது, காகிதப் பையில்தான் வர வேண்டும். அந்தப் பை எண்ணெய்ப் பண்டத்துக்கு ஆபத்தில்லாதது என்று இங்கே உள்ள பரிசோதனைக் கூடம் ஒன்றின் ரிப்போர்ட் வேண்டும். கப்பலில் இடம் பிடிப்பதற்குள் ரிப்போர்ட் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

நான் அமுதாவுக்கு மூன்று பரிசோதனைக் கூடங்களின் விலாசத்தை அனுப்பினேன். "எதுக்கு வேணா அனுப்பு. எங்களுக்கு மட்டும் அனுப்பாத" என்று தெளிவாகச் சொன்னேன். பத்து நாளில் எங்கள் வரவேற்பறைக்குக் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே பழுப்பு நிறக் காகிதப் பைகள்.

4

எங்கள் இடத்தில் ஒரு விதி. அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். தொடக்கூடாது, கேட்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. நான் எழுதிக் கொடுத்தேன். உறவின் தன்மை என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. உடன்பிறந்தவள் என்று போட்டேன். அந்த உறவு தொழில்முறையானதா என்று அடுத்த கேள்வி. இல்லை, அடிக்கடி சண்டை வரும் என்று எழுதினேன். பெட்டி பிர்கிட்டின் மேசைக்குப் போயிற்று. பிர்கிட் எனக்குப் பக்கத்து மேசை, நல்ல வேலைக்காரி. தன் அம்மா சுட்ட கேக்குக்கே மார்க்கைக் குறைத்துப் போடுகிற ஆள்.

அன்று சாயங்காலமே, இனியாவிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அமுதா என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாண்ணா, கை வெக்க மாட்டன்னு எழுதிக் குடுத்துட்டியாமே."

"வெக்கக் கூடாதும்மா. அதான் சட்டம். அதனாலதான வேற எடத்துக்கு அனுப்பச் சொன்னேன்?"

"சொந்த அண்ணன் குந்திக்கினு இருக்கற எடத்த வுட்டுட்டு எவன்கிட்டயோ அனுப்பச் சொல்றியா? பஸ்ஸுல தெரிஞ்ச கண்டக்டர் இருந்தா ஜன்னலோர சீட்டு தராரு. உன்ன மாதிரி அண்ணன் இருந்தா எறங்கி நடக்கணுமா?"

"அமுதா, காயிதம் நல்லா இருந்தா தானா பாஸாவும்."

"ஷெட்டு போயிடுச்சின்னா நீ வந்து டிராக்டர் தொடைச்சிக் குடு" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் எடுக்கவில்லை.

அவள் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனாலும் அவள் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் ஒரு இடத்தில் நமக்கு ஆள் இருக்கிறது என்றால் தெம்பு. இங்கே அதே ஆள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். இரண்டும் நியாயம்தான், ஆனால் ஒரே மனுஷன் இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மாட்டினால் அவனுக்குச் சோறு இறங்காது.

5

சாயம் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை சுலபமானது. காகிதத்தைத் துண்டு வெட்டி, வெள்ளைத் தாள்கள் இரண்டுக்கு நடுவில் வைத்து, நனைத்து, மேலே கனம் ஏற்றி வைப்போம். ஒன்று தண்ணீரில், ஒன்று காடியில், ஒன்று சோடாக் கரைசலில், ஒன்று எண்ணெயில். மறுநாள் பிரித்தால் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருக்க வேண்டும்.

மறுநாள் டீ குடிக்கிற இடத்துக்கு பிர்கிட் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். எந்தச் சரக்கு என்று சொல்லாமல், பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"எண்ணெயில் மஞ்சளாக இறங்குகிற, சோடாவில் சிவப்பாக மாறுகிற, ஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்கிற சாயம் எது? பையின் நடுவில் இல்லை. நான்கு மூலையில் மட்டும் இருக்கிறது. நான் துண்டு வெட்டியது மூலைகளில்தான்."

இரண்டு முனைவர்கள் யோசித்தார்கள். ஒருவர் ஏதோ அச்சு மை என்றார், இன்னொருவர் தடை செய்யப்பட்ட சாயமாக இருக்கலாம் என்றார். எனக்கு டீ புரையேறிவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும் என்பது நம்மூரில் ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். புதுச் சாமான் எதுவானாலும் நாலு மூலையில் மஞ்சள் வைக்காமல் வீட்டை விட்டு அனுப்ப மாட்டோம். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிறோம், புதுத்துணிக்கு வைக்கிறோம். அமுதாவின் ஷெட்டில் முதன்முதலாகச் சீமைக்குப் போகிற பைகளுக்கும் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். பழுப்புக் காகிதத்தில் காய்ந்த மஞ்சள் பிர்கிட்டின் வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நின்றதும்தான் என் நிலைமை உறைத்தது. அந்தக் கட்டிடத்தில் விடை தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன் வாய் திறக்கக் கூடாது. பேசாமல் இருந்தால், 'அடையாளம் தெரியாத சாயம், உணவுக்கு உதவாது' என்று ரிப்போர்ட் போகும். கடைக்காரர் கையை விரித்துவிடுவார். டிராக்டர் ஷெட்டுக்குள் வந்து நிற்கும்.

நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனேன்.

"நீங்கள் இதில் பேசக்கூடாதே" என்றார்.

"சோதனை செய்கிறவனாகப் பேச வரவில்லை. அனுப்பியவளின் அண்ணனாக வந்திருக்கிறேன். அது மஞ்சள்."

"எந்த மஞ்சள்?"

"குழம்பில் போடுகிற மஞ்சள்."

"அதைப் பையில் ஏன் போட்டார்கள்?"

இதற்கு ஜெர்மனில் பதில் சொல்லிப் பாருங்கள். மங்களம் என்பதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று வைப்போம் என்றேன். பார்சலுக்குக் காப்பீடு மாதிரியா என்றார். ஏறக்குறைய என்றேன். உங்கள் காருக்கும் வைத்தீர்களா என்றார். வாங்கிய அன்றே வைத்தேன் என்றேன். அவர் எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற என் காரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். வந்த சரக்கு வந்தபடியேதான் மதிப்பிடப்படும், அதனால் இது தோல்வி. மஞ்சள் என்று நீங்கள் சொல்வதை பிர்கிட் தனியாகச் சோதித்து உறுதிசெய்தால், அனுப்பியவர் புது மாதிரி ஒன்று அனுப்பலாம். ஒரே ஒரு முறைதான். அதிலும் கறை இருந்தால் பேச்சே கிடையாது. பிர்கிட் அன்றே சோதித்தாள், மஞ்சளேதான்.

6

சேதியை அமுதாவிடம் உடனே சொல்ல வேண்டும், அவளோ என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். மெயில் அனுப்பினால் பார்க்கமாட்டாள். கடைசியில் இனியாவின் கையில் காலில் விழுந்தேன். அவள் வீடியோவில் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்தாள் அமுதா. நான் கேமராவுக்குப் படாமல் சோபாவுக்குப் பின்னால் குத்தவைத்தேன். என் வயதுக்கு அது லேசான காரியமில்லை.

"அத்தை, பேப்பர்ல மஞ்சள் வெக்கக் கூடாது. மஞ்சள் ஓடுது" என்றாள் இனியா. சாயம் இறங்குவதை ஜெர்மனில் அப்படித்தான் சொல்வார்கள்.

"எங்கடா கண்ணு ஓடுது?"

"எண்ணெய்க்குள்ள ஓடுது. அதனால ஃபெயில். புதுசா அனுப்புங்க. சும்மா அனுப்புங்க. ஒண்ணும் தொடாத பேப்பர்."

அமுதா மெதுவாகச் சொன்னாள். "நல்லது நடக்கட்டும்னுதாம்மா வெச்சது. நான் வெக்கல. நான் தொடவே இல்ல. சின்னப்பொண்ணு அக்கா கையால வெக்கச் சொன்னேன்."

"நீங்க ஏன் வெக்கல?"

இந்தப் பிள்ளைக்கு நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. புருஷன் செத்த பெண் மஞ்சளைத் தொடக்கூடாது என்று நம் பக்கத்தில் ஒரு எழுதாத சட்டம் இருப்பதை எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது?

"எனக்கு அது ஆவாதும்மா" என்றாள் அமுதா.

"அலர்ஜியா?"

அமுதா சிரித்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஆமாண்டி கண்ணு, அலர்ஜிதான். எனக்கு இல்ல, ஊருக்கு" என்றாள். இனியாவுக்குப் புரியவில்லை. அலர்ஜிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னாள்.

போனை வைத்த பிறகு என்னிடம் ஜெர்மனில், "ஊருக்கு எப்படி அலர்ஜி வரும்?" என்று கேட்டாள். சொன்னேன். தமிழும் ஜெர்மனும் கலந்து தப்புத்தப்பாகச் சொன்னேன். அவள் ஒரு இடத்தில்கூடத் திருத்தவில்லை. கடைசியில், "அத்தைக்கு இதை யார் சொன்னது?" என்றாள். யாரும் சொல்லத் தேவையில்லை, அப்படியே தெரியும் என்றேன். "அது பதில் இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள்.

7

இரண்டாவது பெட்டி வந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை, கழிப்பறைக்குக்கூட மாடியில் போனேன். மறுநாள் பிர்கிட் வெள்ளைத் தாள்களைப் பிரித்திருக்கிறாள், நாலும் வெள்ளை. ஜாடி சாக்லெட்டிலும் வாடை இல்லை. மற்ற சோதனைகளும் ஒவ்வொன்றாக முடிந்து, கப்பலில் இடம் பிடிப்பதற்கு முன்னாலேயே ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. பாஸ். பிர்கிட் என் மேசையைத் தாண்டிப் போகும்போது அந்தச் சாக்லெட்டில் மிஞ்சிய ஒரு துண்டை வைத்துவிட்டுப் போனாள்.

முதல் லோடு ஏற்றுகிற அன்று என் கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால், வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். போன் அடித்தது, அமுதா. அவளாகவே என்னைக் கூப்பிடுவது சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் முறை. வீடியோவில் ஷெட்டின் குழல் விளக்கும் காலியான தரையும் தெரிந்தன. அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. என் போன் திரைதான் பழசாகிவிட்டதோ என்று துடைத்துப் பார்த்தேன்.

"இன்னாம்மா, மூஞ்சியெல்லாம் மஞ்சளா இருக்குது?"

"பொட்டியெல்லாம் வண்டி ஏத்தியாச்சுண்ணா. காயிதத்துல வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டியா, யாரும் ஒரு பையக்கூடத் தொடல. வண்டி கெளம்பற நேரத்துல சின்னப்பொண்ணு அக்கா மஞ்சளக் கொழைச்சி எடுத்துக்கினு வந்து நிக்கறாங்க. மொத மொதல்ல போவுது, வெக்காம அனுப்ப முடியாதுன்றாங்க. எதுல வெப்பீங்கன்னேன். உன் மேல வெக்கறோம்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"வேணாங்க, எனக்கு ஆவாதுன்னேன். எங்கூர்ல அதெல்லாம் பாக்கறதில்லன்னு சொல்லிட்டு ரெண்டு கையாலயும் பூசிட்டாங்க. நான் தள்ளிக்கினேதான் இருந்தேன், வுடல. ஒருத்தர் வெச்சதும் எல்லாரும் வந்து வெச்சிட்டாங்க. வண்டிக்காரரு ஆரன் அடிச்சிக்கினே கெடக்கறாரு." சொல்லிக்கொண்டே சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "அவங்கல்லாம் பஸ் ஏறிட்டாங்க. நான் மட்டும்தான் இருக்கறேன். இதோட தெருவுல நடந்து போவணும். கொழுந்தனார் வாசல்லயே குந்திக்கினு இருப்பாரு."

என் பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது.

"தொட்டியில தண்ணி இருக்குது" என்றாள். "கழுவுனா போயிடுமாண்ணா? இந்த வெவகாரமெல்லாம் உனக்குத்தான தெரியும்."

"போவாதும்மா" என்றேன். "அப்டியே போ."

சோதித்துப் பார்க்காமல் நான் கொடுத்த ரிப்போர்ட் அது ஒன்றுதான்.